அடுத்தவர் போட்ட பிளான்

அமெரிக்காவில் வீட்டுக்குள் மாடல் ரயில் கட்டியவர்களின் கதையில் பாதியை ஒரு பிளைவுட் ஷீட்டின் அளவே முடிவு செய்துவிட்டது. நாலடிக்கு எட்டடி. மரக்கடையில் வெட்டாமல் முழுசாகக் கிடைப்பது அதுதான். ஹெச்ஓ ஸ்கேல் என்பது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர். அந்த ஸ்கேலில் 18 அங்குல ரேடியஸுக்கு ஒரு வட்டம் போட்டால் குறுக்களவு 36 அங்குலம். இருபுறமும் கொஞ்சம் ஓரம் விட்டால் நாலடிக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். வட்டத்தை இழுத்து நீட்டினால் ஓவல். ஓவலுக்குள் பக்கவாட்டில் பிரியும் இரண்டு சைடிங், ஒரு மூலையில் மலை, மலைக்குள் ஒரு குகை. ரயில் குகைக்குள் போகும், வெளியே வரும், மறுபடி போகும்.

நான் ரயில்வே டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். ஸ்டேஷன் யார்டு பிளான் போடுவதுதான் பிழைப்பு. டிரேஸிங் கிளாத், மை அடைத்துக்கொள்ளும் பேனா, பெட்டி நிறைய மரத்தில் செய்த ரயில்வே கர்வ் என்று வாழ்க்கை ஓடியது. அந்த 18 அங்குல வளைவை நிஜ அளவுக்கு விரித்துப் பாருங்கள்: சுமார் 40 மீட்டர் ரேடியஸ். நம் பிராட்கேஜில் பத்து டிகிரிக்கு மேல் வளைக்கக் கூடாது, அதாவது 175 மீட்டர். அதை ஹெச்ஓவில் ஒழுங்காகப் போட்டால் ரேடியஸ் மட்டும் இரண்டு மீட்டர், குறுக்களவு நாலு மீட்டர். எங்கள் வீட்டு ஹாலே அவ்வளவு அகலம் கிடையாது. ஆகவே மாடல் ரயில் என்பது முதல் கோட்டிலேயே ஒரு பொய். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் சந்தேகம் அந்தச் சைடிங்குகளைப் பற்றியது.

எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் போட்டுக்கொண்டு போகும் பிளானில் வளைவு, மட்டம், தூரம் எதையும் முதலில் பார்க்க மாட்டார். விரலை ஒரு சைடிங்கின் மேல் வைப்பார். "யாருக்குய்யா இது?" என்பார். சிமென்ட் கம்பெனிக்கு, எஃப்.சி.ஐ. குடோனுக்கு என்று பதில் வந்தால் அடுத்த கேள்விக்குப் போவார். "இடம் இருந்துச்சு சார், போட்டேன்" என்று ஒரு புதுப் பையன் சொன்னபோது பிளானைச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அமெரிக்கர்கள் வெளியிட்ட மாடல் பிளான்களின் ஐம்பது வருட வரலாறு, என் பார்வையில், அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிய வரலாறுதான்.

முதலில், ஒருவர் போட்ட பிளான் இன்னொருவருக்கு உதவ வேண்டும் என்றால் இருவர் வீட்டுத் தண்டவாளமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. ஆளுக்கொரு ஸ்கேல், சக்கரத்துக்கு ஆளுக்கொரு விளிம்பு. ஆல் கால்ம்பாக் என்பவர் மில்வாக்கியிலிருந்து 1934 ஜனவரியில் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதே ஊரில் தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கம் கூடியது. சக்கரமும் தண்டவாளமும் என்ன அளவில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. அழகு குறைந்த வேலைதான். ஆனால் அந்த அட்டவணை இல்லாவிட்டால் பத்திரிகையில் அச்சான பிளான் வெறும் படம். அதன் பிறகுதான் ஓஹையோவில் ஒருவர் போட்டதைக் கலிஃபோர்னியாவில் ஒருவர் கடையில் தடம் பிரிக்கும் பாயிண்ட் வாங்கி வந்து அப்படியே பரப்ப முடிந்தது.

பரப்பவும் செய்தார்கள். பரப்பிய பிறகு என்ன செய்வது என்று முதலில் யோசித்தவர் ஃபிராங்க் எல்லிசன். நியூ ஆர்லியன்ஸில் வீட்டுக்குள் 'டெல்டா லைன்ஸ்' என்று ஒரு ரயில் கம்பெனி வைத்திருந்தார், ஓ ஸ்கேலில். அப்படி ஒரு கம்பெனி நிஜ உலகில் கிடையாது. 1944ல் 'மாடல் ரெயில்ரோடர்' இதழில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகளின் சாரம் இது: ரயில் ஓடும் தளம் என்பது நாடக மேடை, வண்டிகள்தான் நடிகர்கள், டைம்டேபிள்தான் கதை. சுற்றிச் சுற்றி ஓடும் ரயிலுக்கு அவர் அங்கே ஒரு வேலை கொடுத்துவிட்டார். சரக்கு வண்டி ஒரு ஊரில் நிற்கிறது என்றால் எதையோ இறக்க நிற்கிறது. எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் இது லூப்பில் ஒதுங்க வேண்டும். எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனுக்கு எல்லிசனைப் பிடித்திருக்கும்.

இப்படிக் கற்பனைக் கம்பெனி வைத்து ஓட்டுவதைத்தான் ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். நிஜமாக இருந்த ஒரு லைனை ஆணி பிசகாமல் திருப்பிச் செய்வது வேறு ரகம். அதற்குப் போட்டோ வேண்டும், அளவு வேண்டும், எந்த வருஷம் எந்த எஞ்சினுக்கு என்ன சாயம் என்று தெரிய வேண்டும். ஃப்ரீலான்ஸ்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நிஜ லைனில் எல்லாக் கேள்விக்கும் பதிலை வரலாறே சொல்லிவிடும். இங்கே எல்லாப் பதிலையும் நாமே சொல்லியாக வேண்டும். எது சுலபம் என்பதில் எனக்கு இன்னும் முடிவு இல்லை.

1956ல் லின் வெஸ்ட்காட் தொகுத்த '101 டிராக் பிளான்ஸ்' வந்தது. தலைமுறை தலைமுறையாக விற்ற புத்தகம். சென்னை மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதியைப் பிடித்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போனது போலும். பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னதாகத் தண்டவாளக் கோலங்கள். பலகை மேல் அடங்கும் ஓவல் முதல், ஒரு நிலவறை முழுதும் நிறைக்கும் பெரிய ஜங்ஷன் வரை. ஒவ்வொன்றின் மேலும் சதுரக் கட்டம். எந்த ஸ்கேல்காரரும் கட்டத்தின் அளவை மாற்றி அதே பிளானைத் தனக்கு ஆக்கிக்கொள்ளலாம். ஹெச்ஓவுக்குப் போட்டதை ஓ ஸ்கேலில் கட்டினால் நீளமும் அகலமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் புத்தகத்தை ஆபீஸ் கண்ணோடு பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். மரியாதை, நெருக்கடியான இடத்தில் இவ்வளவு நீளம் தண்டவாளத்தை மடித்து வைத்த சாமர்த்தியத்துக்கு. ஒரு ஓவல் மேல் இன்னொரு ஓவல் ஏறி, குறுக்கே பாலம் போட்டு, எட்டு வடிவத்தில் இறங்கி வரும். சிரிப்பு, ஏற்றங்களுக்கு. நூற்றுக்கு நாலு, அதாவது 25ல் 1 என்று அலட்சியமாக ஏற்றியிருப்பார்கள். மும்பைக்கு மேலே போர் காட் மலைப்பாதையில் 37ல் 1 ஏறுவதற்கே பின்னால் தள்ளு எஞ்சின் போட வேண்டியிருந்தது. பிறகு, அந்தச் சைடிங்குகள். பல பிளான்களில் ஓவலுக்குள் மிச்சமான இடத்தில் சைடிங் முளைத்திருக்கும். யாருக்கு என்று கேட்டால் பிளானில் பதில் இருக்காது. வாங்கியவர் சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டவர்கள்தான் நல்ல ரயில் கட்டினார்கள்.

பிளான் போடுவதையே ஒரு படிப்பாக்கியவர் ஜான் ஆம்ஸ்ட்ராங். நியூயார்க் மாநிலத்தில் கானன்டேகுவா என்ற ஊர்க்காரர். மேரிலாந்தில் கடற்படை ஆயுத ஆய்வுக்கூடத்தில் பொறியாளர் வேலை. வீட்டில் ஓ ஸ்கேலில் 'கானன்டேகுவா சதர்ன்' என்ற சொந்தக் கம்பெனி. 1963ல் வந்த அவருடைய 'டிராக் பிளானிங் ஃபார் ரியலிஸ்டிக் ஆபரேஷன்' புத்தகத்தில் தண்டவாளத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்னாலேயே நிஜ ரயில்வே எப்படிப் பிழைக்கிறது என்ற பேச்சு வந்துவிடும். யார்டில் வேகன்களை எதற்குப் பிரிக்கிறார்கள், காலி வேகன் எங்கே போகிறது, லூப் எவ்வளவு நீளம் இருந்தால் எத்தனை வேகன் வண்டி ஒதுங்கும் என்பதெல்லாம். அறையை அளப்பதற்கு முன்னால் ஆசாமி இரண்டு பட்டியல் போடச் சொல்வார். மாற்ற முடியாதவை ஒன்று: தூண், கதவு, வாட்டர் ஹீட்டர், வீட்டுக்காரம்மா விட்டுத்தர மறுக்கும் மூலை. ஆசைகள் இன்னொன்று: பெரிய டெர்மினஸ், நிலக்கரிச் சுரங்கம், நீளமான பாசஞ்சர் வண்டி. முதல் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாவதில் எதை அடிப்பது என்பதுதான் அவருக்கு டிசைன்.

அவருடைய கட்டக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு இதைப் பார்த்தபோது ஆபீஸில் யாரும் ஏன் சொல்லித்தரவில்லை என்று தோன்றியது. நீங்கள் வைத்துக்கொள்ளும் குறைந்தபட்ச ரேடியஸோடு, அடுத்தடுத்த இரண்டு தடங்களின் நடு இடைவெளியை இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள். 24 அங்குல ரேடியஸ், இரண்டு அங்குல இடைவெளி என்றால் 28 அங்குலம். அது ஒரு கட்டம். கால் வட்டம் திரும்ப ஒரு கட்டம் போதும். வண்டி முழுசாகத் திரும்பி வர அகலத்தில் இரண்டு கட்டம் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அகலத்தில் நாலு கட்டத்துக்குச் சற்று மேல், நீளத்தில் ஐந்து. இப்போது அறையைக் கட்டம் கட்டமாக வரைந்து, வெறும் பென்சிலில் கோடு இழுத்தாலே எது அடங்கும் எது அடங்காது என்று தெரிந்துவிடும். காம்பஸ் எடுக்க வேண்டியதே இல்லை. மனிதன் நிற்கிற சந்துக்கும் ஏறத்தாழ ஒரு கட்டம் போய்விடும் என்பதும் அப்போதே கண்ணில் படும்.

அதில்தான் பிளைவுட் ஷீட்டின் குட்டு வெளிப்பட்டது. நாலடிக்கு எட்டடிப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. நாலடிக்கு அப்பால் தடம் புரண்டால் கை எட்டாது. சுற்றிலும் இரண்டடி சந்து விட்டால் மொத்தம் எட்டடிக்குப் பன்னிரண்டடி தரை போய்விடும். அதே தரையில் நடுவே நீங்கள் நின்றுகொண்டு, சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தில் பலகை அடித்துச் சுற்றிப் போனால் வளைவும் பெரிதாகும், ஓடும் தூரமும் கூடும். வண்டி ஒரு ஊரைவிட்டுப் போனால் போனதுதான், அடுத்த நிமிஷம் அதே ஊருக்குப் பின்பக்கமாகத் திரும்பி வராது. வண்டியோடு கூடவே நடந்துபோய் ஓட்டலாம். பழைய ஓவல் பிளானைக் கத்தரித்து விரித்துச் சுவரோரம் படர விடுகிற வழக்கம் இப்படித்தான் பரவியது.

ஆம்ஸ்ட்ராங் இன்னொன்றையும் வலியுறுத்தினார்: நேர்கோட்டிலிருந்து வண்டி வளைவுக்குள் திடுமென விழக் கூடாது. நாங்கள் இங்கே டிரான்ஸிஷன் கர்வ் என்று க்யூபிக் பாரபோலா கணக்கில் போடுவதை, மாடல்காரர்கள் வளையும் மரப்பட்டையை ஆணிகளுக்கு நடுவே மடக்கிப் பிடித்துக் கோடு இழுத்தே சாதித்துக்கொண்டார்கள். பட்டை தானாகவே கணக்கைப் போட்டுக்கொள்ளும். நம் ஐசிஎஃப் கோச் 22 மீட்டருக்குச் சற்று மேல்; ஹெச்ஓவில் பத்து அங்குலம். அதை 18 அங்குல வளைவில் ஓட்டினால் நடுப்பகுதி உள்ளே துருத்தும், முனைகள் வெளியே நீட்டும், பஃபர்கள் ஒன்றையொன்று தள்ளும். மிக நீளமான கோச்சைப் போல மூன்று மடங்காவது ரேடியஸ் வேண்டும் என்பது பின்னாளில் வழக்கத்துக்கு வந்த கணக்கு.

ஜான் ஆலனைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. கலிஃபோர்னியாவின் மான்டரேயில் இருந்தவர், தொழிலில் போட்டோகிராஃபர். 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று தன் கற்பனைக் கம்பெனிக்கு அவர் வைத்த பெயரை எழுத்துக்கூட்டும்போது வேறு மாதிரி எழுதி, உச்சரிக்கும்போதுதான் ரத்தக்களறியும் தோல்வியும் காதில் விழும்படி செய்திருந்தார். அவருடைய முதல் தளம் சின்னது, ஒரு மேஜை அளவு. அந்தப் பிளானை இன்றைக்கும் ஆட்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவரே அதை வீசிவிடவில்லை. பின்னால் நிலவறையில் கட்டிய பெரிய தளத்துக்குள் அதை ஒரு மூலையாகச் சேர்த்துக்கொண்டார். தரையிலிருந்து கூரை வரை மலை, இடையில் பாலங்கள். யார்டில் ஷன்டிங் செய்ய எஞ்சினோடு எம்மா என்று ஒரு ஸ்டெகோசாரஸும் வைத்திருந்தார். கம்பெனி சொந்தம், டைனோசரை வேலைக்கு வைத்தால் யார் கேட்பது? 1973 ஜனவரி தொடக்கத்தில் அவர் மாரடைப்பில் இறந்தார். சில நாளிலேயே தீப்பிடித்துத் தளம் அழிந்தது. மிஞ்சியவை அவர் எடுத்த போட்டோக்கள். அவரைப் பற்றி வெஸ்ட்காட் எழுதிவந்த புத்தகம் வெளிவரும் முன் வெஸ்ட்காட்டும் போய்விட்டார்.

ஆலன் விட்டுப்போன ஒரு சின்ன பிளான்மேல் எனக்குக் கோபம் உண்டு. 'மாடல் ரெயில்ரோடர்' 1972 நவம்பர் இதழில் வந்த 'டைம்சேவர்'. ஐந்து பாயிண்ட், குட்டையான சில சைடிங்குகள், ஒரு எஞ்சின். வேகன்களை அததன் இடத்துக்கு மிகக் குறைந்த நேரத்தில் தள்ளிச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் நண்பர்களைப் போட்டி போட வைக்க அவர் செய்த விளையாட்டுச் சாமான் அது. அந்த அளவில் அபாரமான மூளை. ஆனால் பிறகு வந்தவர்கள் அதைத் தூக்கித் தங்கள் ஊர் யார்டாகவே வைத்துவிட்டார்கள். எந்த ரயில்வேயாவது தன் ஷன்டிங் ஆட்கள் திண்டாட வேண்டும் என்று யார்டு போடுமா? ஒரு வேகன் கூடுதலாக நிற்கும்படி நாங்கள் லூப்பை நீட்டுவதற்கு ஃபைல் எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இங்கிலாந்தில் வேறு நெருக்கடி. அங்கே நிலவறை கிடையாது, இருப்பது ஒரு படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு. சி. ஜே. ஃப்ரீஸர் 'ரெயில்வே மாடலர்' இதழின் ஆசிரியராக இருந்தவர். 1957ல் 'மைனரிஸ்' என்று ஒரு பிளான் வெளியிட்டார். லண்டன் நகருக்குள் ஒடுங்கிய ஒரு டெர்மினஸ்: மூன்று பிளாட்பாரம், இரட்டை லைன், தலைக்கு மேலே தெருப்பாலம். பாலத்துக்கு அப்பால் வண்டி மறைந்து, பார்வையாளர் கண்ணுக்குப் படாத யார்டில் போய் நிற்கும். அந்தப் பிளானின் உயிர் பிளாட்பாரத்துக்கு வெளியே இருக்கும் கழுத்துப் பகுதி. சாதாரணமாக இரட்டை லைனிலிருந்து மூன்று பிளாட்பாரத்துக்கும் வழி கொடுத்தால், எங்காவது வண்டி இடப்பக்கம் வளைந்த கையோடு வலப்பக்கம் வளைய நேரும். கோச்சுகள் முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு தடம் புரளும். ஃப்ரீஸர் பாயிண்டுகளைச் சற்றே சாய்வாக அடுக்கி அந்த எதிர்வளைவைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டார். பார்க்க இயல்பாக இருக்கிறதே என்று தாண்டிப்போய்விடுவோம். வரைந்து பார்த்தால்தான் அருமை தெரியும். எனக்கு நூற்றியொன்றையும்விட இந்த ஒன்று ஒரு படி மேல். காரணம், கேள்விக்குப் பதில் பிளானுக்குள்ளேயே இருக்கிறது: ஆபீஸ் போகிற ஜனங்களுக்கு.

திரும்ப அமெரிக்காவுக்கு வந்தால், மறைந்து நிற்கும் அந்த யார்டை ஒரு தத்துவமாகவே ஆக்கியவர் ஓஹையோவின் டேட்டன் ஊர்க்காரர் ஆலன் மெக்லெலண்ட். 'வர்ஜினியன் அண்ட் ஓஹையோ' அவருடைய கற்பனைக் கம்பெனி. அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரி ஏற்றும் லைன். 1970களின் பிற்பகுதியில் டோனி கோஸ்டர் ஆசிரியராக இருந்த 'ரெயில்ரோட் மாடல் கிராஃப்ட்ஸ்மேன்' இதழில் அதன் கதை தொடராக வந்தது. நிலவறைக்குள் தெரிவது கம்பெனியின் ஒரு துண்டுதான், மீதி நாடு சுவருக்கு அப்பால் இருக்கிறது என்பது அவர் வாதம். கண்ணில் படாத ஸ்டேஜிங் யார்டிலிருந்து வண்டி வந்தால் அது அந்த மீதி நாட்டிலிருந்து வந்ததாக அர்த்தம். பக்கத்தில் நிஜமான கம்பெனிகள் இருக்கின்றன, அவற்றோடு வேகன் மாற்றிக்கொள்கிறோம், அவற்றின் லைன் எங்கே முடிகிறதோ அந்த இடைவெளியில்தான் நம் லைன் நுழைகிறது. இதற்கு மேப்பை எடுத்து உட்கார வேண்டும். எந்த மலையில் நிலக்கரி, எந்த ஆற்றோரம் சமதளம், எந்த ஊருக்கு நிஜத்தில் ரயில் போகவில்லை என்று பார்க்க வேண்டும். கற்பனைக் கம்பெனிக்கு அவர் பூகோளம் கொடுத்தார். அந்தப் பூகோளத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே தன் பழைய பிளான்களைக் கிழித்துப் போட்டது.

நான் எதையும் கிழிக்கவில்லை. வெஸ்ட்காட் புத்தகத்திலிருந்து மூன்று ஊர் உள்ள ஒரு ஓவலை எடுத்து, நடுவில் வெட்டி, அறையின் இரண்டு சுவரோரம் எல் வடிவத்தில் விரித்திருக்கிறேன். பிராட்கேஜ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. 1676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் வரும், கடையில் கிடைப்பதோ 16.5. மீட்டர்கேஜ் என்றால் பதினொன்றரை. டிடி ஸ்கேல்காரர்களின் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கண் உறுத்தாமல் உட்கார்ந்துவிடும். மெக்லெலண்ட் சொன்னபடி மேப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். மயிலாடுதுறை ஜங்ஷன் பீரோவுக்குப் பின்னால், கண்ணில் படாமல். அங்கிருந்து ஒய்ஜி எஞ்சின் போட்ட கலப்பு வண்டி ஒன்று கிளம்பி, நிஜத்தில் யாரும் போடாத ஒரு கிளை லைனில், காவிரியின் ஒரு கிளையாற்றைத் தாண்டிக் கடலோரம் போகிறது.

புத்தகத்தில் நடு ஊரில் மூன்று சைடிங் இருந்தது. ஒன்றை அடித்துவிட்டேன், யாருக்கு என்று யோசித்து ஒன்றும் தோன்றவில்லை. ஒன்று குட்ஸ் ஷெட்: உரமும் சிமென்டும் இறங்கும். இன்னொன்று ரைஸ் மில்லுக்கு. குட்ஸ் ஷெட் பாயிண்ட் ஜங்ஷனிலிருந்து வரும் வண்டிக்குத் தாண்டிப்போய்ப் பின்னால் தள்ளும்படி வாட்டமாக இருக்கிறது. மில் சைடிங்கை எதிர்த்திசையில் திருப்பி வைத்திருக்கிறேன். எஞ்சின் கழன்று, லூப் வழியே சுற்றி, வண்டியின் பின்பக்கம் வந்து பிடித்தால்தான் காலி வேகன் மில்லுக்குள் போகும். அறுவடை மாதத்தில் நெல் வேகன் நிறைய வரும், அதற்கு லூப் இப்போது போட்டிருக்கிற நீளம் போதாது. இன்னும் ஒன்பது அங்குலம் நீட்ட வேண்டும், நீட்டினால் ஜன்னல் கதவு திறக்காது. ஜன்னல் எந்தப் பட்டியலில் வருகிறது என்று வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.